நான் சொன்னது ரெண்டே பதில்

ஏனுங்க அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? இங்கிலீஷ் பேப்பரைக் கடகடன்னு புரட்டிப் படிக்கறீங்களே, அதனால கேக்கறேன். 'அஞ்சரை மணிக்கு வீட்டுக்குப் போயிருவேன்'. இதை இங்கிலீஷ்ல சொல்றதுக்கு எவ்வளவு நேரமாகுமுங்க?

நேரம்னா நேரந்தான். ஒரு மூச்சுல சொல்லிரலாமா? இல்ல, கையில இருக்கற காப்பி ஆறிப் போற அளவுக்கு நீட்டணுமா?

கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. இந்தப் பக்கத்துக் காது எனக்கு மந்தம். இருபத்தி மூணு வருஷம் பனியன் கம்பெனி மிஷின் சத்தத்துலயே நின்னது. ஒரு மூச்சு போதும்ங்கறீங்க. அப்படித்தானே? அதைத்தாங்க நானும் ரெண்டு மாசமாக் கேட்டுட்டு இருக்கேன். நான் சொன்னது ரெண்டே பதில். என்ற மக அதை இங்கிலீஷ்ல சொல்ல எடுத்துக்கிட்ட நேரத்துல எங்க தையல் லைன்ல அஞ்சு சட்டைக்குக் கழுத்துப் பட்டி வெச்சிருப்பாங்க.

என்ற பேரு வசந்தாமணிங்க. இப்ப தைச்ச துணியில கொறை பாக்கற செக்கிங் டேபிள்ல நிக்கறேன். போன தை மாசம் வரைக்கும் லைன் சூப்பர்வைசர். பதினோரு வருஷம். அறுபது டெய்லருக என்ற பேச்சுக்குத்தான் மிஷினை ஓட்டுவாங்க. மக பேரு பிரதீபா. இதே பஸ்ஸுதான், முன்னாடி ஸ்டாப்புல காலேஜ் இருக்குதில்ல, அங்கதான் பி.ஏ. இங்கிலீஷ் மூணாவது வருஷம். அவளோட டி.சி.யை வாங்கத்தான் இப்பப் போய்ட்டு இருக்கேன். காலையில முதல் பஸ்ஸுக்கே அவ போய்ட்டா. நான் வர்றது அவளுக்குத் தெரியாது.

பெருமூச்சு விடாதீங்க அம்மிணி. இன்னும் மூணு மாசந்தானே இருக்குதுன்னு நீங்க சொல்லுவீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. அவங்கப்பாவும் லாரியில இருந்து போன் பண்ணி அதையேதான் சொன்னாரு. மூணு வருஷத்துல வராதது மூணு மாசத்துல வந்துருமாக்கும்?

முதல்ல இருந்து சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

எங்க கம்பெனியில மாடியில ஒரு கண்ணாடி ரூம் இருக்குது. அதுல நாலு பொண்ணுக உக்காந்திருக்கும். மெர்ச்சண்டைசர்னு பேரு. நம்ம சரக்கை வாங்கற வெளிநாட்டு பையர்கிட்ட போன்ல பேசறது, மெயில் போடறது, அதுதான் வேலை. கீழ நாங்க பஞ்சுத் தூசியில நின்னுட்டு இருப்போம். மேல அந்தப் பிள்ளைக தோள்ல துப்பட்டாவைப் போத்திக்கிட்டு ஏ.சி.யில நடுங்கிட்டு இருக்கும். நடுங்கறதுன்னா அப்படி நடுங்கணும்ங்க! என்ற மகளும் ஒரு நாள் அந்த ரூம்ல குளிர்ல உக்காந்திருக்கணும்னு எனக்கு ஆசை. தப்புங்களா?

பன்னெண்டாவது முடிச்சதும் அவ பி.காம். போறேன்னா. கணக்குல நல்ல மார்க்குத்தான். நான்தான் விண்ணப்பத்துல இங்கிலீஷ்னு எழுத வெச்சேன். ரெண்டு நாள் சாப்பிடாமக் கெடந்தா, நானும் சாப்பிடலை. அப்புறம் எழுதினா. அவ நல்லதுக்குத்தானே?

நான் ஏழாவதோட நின்னவ. காலேஜ்ல இங்கிலீஷ் படிக்கறதுன்னா இங்கிலீஷ் பேசச் சொல்லித் தருவாங்கன்னு நெனைச்சேன். டெய்லரிங் கத்துக்கப் போனா தைக்கச் சொல்லித் தருவாங்கல்ல? அங்க போனா, அம்மிணி, கதைங்க! மூணு வருஷமும் கதை! செத்துப் போன வெள்ளைக்காரங்க கதை. ஒருத்தி கல்யாணம் கட்டிக்கறதா வேண்டாமான்னு நானூறு பக்கம் யோசிக்கறாளாம். ஒருத்தன் ஒரு பறவையைப் பாத்துட்டு அழுகறானாம். "அந்தப் பறவை என்ன பண்ணுச்சு அவனை?"ன்னு கேட்டேன். "ஒண்ணும் பண்ணலைம்மா, பாடுச்சு"ங்கறா.

அதுவும் போகட்டும். அந்தக் கதைகளைத் தமிழ்லதான் நடத்தறாங்களாம்! இங்கிலீஷைத் தமிழ்ல! வாத்தியாரம்மா தமிழ்ல கதை சொல்லிருவாங்க, இதுக கடையில நோட்ஸ் வாங்கி மனப்பாடம் பண்ணிப் பரீட்சையில இங்கிலீஷ்ல எழுதிப் போட்டு வந்துருமாம். உச்சரிப்புக்குன்னு தனியா ஒரு பாடம் இருக்குது. அதுக்குக் கண்ணாடி முன்னாடி நின்னு வாயை ஒரு பக்கமா இழுக்கறதும், நாக்கைப் பல்லுக்கு நடுவுல வெக்கறதும்... முதல் நாள் பாத்துட்டுப் பயந்துட்டேன், காக்கா வலிப்போன்னு. அவ்வளவு பண்ணியும் அந்தப் பாடத்துலதான் அரியரு.

நாங்க குடியிருக்கற லைன் வீட்டு வரிசையில மல்லீஸ்வரின்னு ஒருத்தி இருக்கறா. அவ பையன் யு.கே.ஜி. ஒரு நாள் அந்தப் பொடுசு எங்க வாசல்ல நின்னு இங்கிலீஷ்ல என்னமோ கேட்டுது. என்ற மக பதில் சொல்லத் திணறிட்டு, தமிழ்ல "உள்ள வாடா தங்கம்"னா. மல்லீஸ்வரி சும்மா இருப்பாளா? "ஏனக்கா, உங்க பிரதீபா மூணு வருஷம் படிக்கறதை எங்க சின்னது பால் பல்லு விழறதுக்குள்ள பேசுதே! காலேஜுக்குப் பதிலா இவன் ஸ்கூல்லயே சேத்திருக்கலாமில்ல?" எனக்கு அங்கயே உசிரு போச்சு.

ஏன்னா தெருப் பூராத்துக்கும் நான்தான் சொல்லி வெச்சிருந்தேன். மாத்திரை அட்டையா, எங்க பாப்பாகிட்டக் கொண்டு வாங்க. பேங்க்ல கடுதாசியா, கொண்டு வாங்க. வாஷிங்மெஷின் புத்தகமா, கொண்டு வாங்க. கொண்டு வந்தாங்க. அவ அகராதியை மடியில வெச்சுட்டு, "இருங்க, பாத்துச் சொல்றேன்"னு உக்காருவா. மாத்திரைக்காரம்மா இருமிட்டே நிப்பாங்க.

"பேசிப் பழகுடி"ன்னா, "யார்கிட்டம்மா பேசறது? காலேஜ்லயும் தமிழு, வீட்டுலயும் தமிழு"ங்கறா. "அப்ப எதுக்குடி படிக்கறே?"ன்னா, ஒரு நாள் என்ன சொன்னா தெரியுங்களா? "முதல்ல நீ சொன்னேன்னு படிச்சேன். இப்ப எனக்கே புடிச்சிருக்குது. ஒருத்தர் ஒரு வார்த்தையை ஏன் சொன்னாங்க, ஏன் சொல்லாம விட்டாங்கன்னு பாக்கறதுதான்மா பாடம்"னா. இது ஒரு பாடமா? இதுக்கு ஒரு டிகிரியா?

சரி, விசயத்துக்கு வர்றேன்.

எங்க கம்பெனிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை பையர் ஆபீஸ்ல இருந்து பாக்க வருவாங்க. ஆடிட்னு சொல்லுவோம். அவங்க வந்து, வேலை செய்யறவங்களை நல்லா வெச்சிருக்காங்களான்னு பாத்து எழுதிட்டுப் போனாத்தான் ஆர்டர். அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கம்பெனி கல்யாண வீடு மாதிரி ஆயிரும். மருந்துப் பெட்டியில மருந்து வந்துரும். பாத்ரூம் பூட்டைக் கழட்டிருவாங்க. எல்லார் மூஞ்சிக்கும் மாஸ்க். வருகைக் கார்டு ரெண்டு உண்டு. நெஜக் கார்டை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டு, அஞ்சரைக்கு முடிஞ்ச மாதிரி எழுதின கார்டை வெளிய எடுப்பாங்க. நாங்க ஒன்றரை ஷிப்ட்டு பாக்கறவங்க. அவசர ஷிப்மென்ட்டுன்னா வீடு போய்ச் சேர ராத்திரி பத்தாகும். ஆனா ஆடிட்ல யாரு கேட்டாலும் அஞ்சரை.

அந்தப் பாடத்தை எடுக்கறது நான்தான். சிரிக்காதீங்க, அறுபது பேருக்கு வாத்தியாரு நான்! மிஷினுக்கு நடுவுல அளவு டேப்பைக் கையில சுத்திட்டு நடப்பேன். "எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீங்க?" "அஞ்சரைக்கு!" "பாத்ரூம் போகணும்னா?" "எப்ப வேணாலும் போலாம்!" "யாராச்சும் திட்டுவாங்களா?" "இல்லவே இல்ல!" தெக்க இருந்து வந்த முத்துச்செல்விங்கற பிள்ளை மட்டும், "யக்கா, திட்டறதே நீங்கதான யக்கா, நீங்களே கேட்டா எப்படிச் சொல்றது?"ன்னு கேட்டுருச்சு. லைனே சிரிக்குது. தலையில ஒரு தட்டுத் தட்டி மறுபடி சொல்ல வெச்சேன். ஒருத்தர் கூடத் தப்பா சொன்னதில்லைங்க. பதினோரு வருஷத்துல ஒரு அரியரு கெடையாது.

இந்தத் தடவை ஒரு வெள்ளைக்காரம்மாவே நேர்ல வர்றதா இருந்துது. மொழிபெயர்த்துச் சொல்ல மெட்ராஸ்ல இருந்து ஒரு பொம்பளையைக் கூட்டிட்டு வர ஏற்பாடு. ரெண்டு நாள் முன்னாடி அந்தப் பொம்பளைக்கு அம்மை போட்டுருச்சு. உடனே மெயில் வருது: உள்ளூர்லயே ஒரு பொண்ணைப் பாருங்க, ஆனா கம்பெனி ஆளா இருக்கக் கூடாது, கம்பெனிக்குச் சம்பந்தப்பட்டவங்களாவும் இருக்கக் கூடாதுன்னு.

மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி சார் என்னைக் கூப்பிட்டாரு. "வசந்தாக்கா, உங்க பொண்ணு இங்கிலீஷ்தானே படிக்குது?"

"ஆமாங்க சார். மூணாவது வருஷமுங்க."

"நல்லாப் பேசுமா?"

நான் என்னன்னு சொல்லுவேன்? "தண்ணியாப் பேசுமுங்க"ன்னுட்டேன்.

"காலேஜ்ல இருந்து வந்த பொண்ணுன்னு சொல்லிக்கலாம். உங்க மகன்னு யாருக்கும் தெரியக் கூடாது. பொண்ணு ஒழுங்காப் பண்ணிட்டா, டிகிரி முடிச்சதும் மாடியில ஒரு சீட்டு நான் போட்டுத் தர்றேன்"னாரு.

மாடிங்க! கண்ணாடி ரூமு! நான் வீட்டுக்குப் பறந்து போனேன்.

அவ கேட்ட ஒடனே கையை ஒதறினா. "அம்மா, எனக்குப் பேச வராதும்மா. வெள்ளைக்காரங்க பேசறது எனக்குப் புரியுமான்னே தெரியலை. வேண்டாம்மா"ன்னா. நான் விடலை. "மூணு வருஷமா என்ன மண்ணைப் படிச்சே? நானு நின்னு நின்னு காலு வீங்கினது இதுக்கா?"ன்னு கேட்டேன். அந்தக் காலு வீக்கத்தைச் சொன்னா அவ மடங்கிருவா, எனக்குத் தெரியும். அப்புறம் நம்ம பாடத்தை எழுதிக் குடுத்தேன், கேள்வியும் பதிலும். அதைப் படிச்சுட்டு, "இதெல்லாம் பொய்யில்லம்மா?"ன்னா. "நீ கதை படிக்கறியே, அதெல்லாம் நெஜமா?"ன்னேன். அகராதியை எடுத்தா. ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து எல்லாத்தையும் இங்கிலீஷ்ல எழுதி மனப்பாடம் பண்ணினா. நானே நோட்டைப் புடிச்சு ஒப்பிக்க வெச்சேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாட்டி என்ன, நின்னாளா திக்கினாளான்னு தெரியாதா?

திங்கக்கிழமை காலையில கெளம்பறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "கண்ணு, அங்க என்னை அம்மான்னு மட்டும் கூப்பிட்டுறாதே. பாத்தாப் பாக்காத மாதிரி இரு." தலையை ஆட்டினா.

ஆபீஸ் ரூம்ல வெச்சுத்தான் பேச்சு. வெள்ளைக்காரம்மாவுக்கு நம்ம வயசுதான் இருக்கும். பக்கத்துல பிரதீபா. மேனேஜர் உள்ள வரக் கூடாதுன்னுட்டாங்க. நான் வெளிய கண்ணாடி வழியாப் பாத்துட்டே இருந்தேன். முதல்ல முத்துச்செல்வி, அப்புறம் இன்னும் ரெண்டு பேரு. என்ற மக தமிழ்ல கேக்கறா, அவங்க சொல்றாங்க, இவ இங்கிலீஷ்ல சொல்றா. வாயி அசையுதுங்க! அந்தம்மா தலையை ஆட்டி எழுதிக்கறாங்க! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. மல்லீஸ்வரி பாக்கணும் இதைன்னு நெனைச்சேன். கழுதை, பேசத் தெரிஞ்சுட்டே இத்தனை நாளா வாயை மூடிட்டு இருந்திருக்கறான்னு கூட நெனைச்சேன்.

அப்புறம்தான் வந்துது வெனை. நாலாவது ஆளை நாங்க அனுப்பலை. அந்தம்மாவே பேர்ப் பட்டியலை வாங்கி, மேல இருந்து கீழ விரலை ஓட்டி, ஒரு எடத்துல நிறுத்துனாங்க. வசந்தாமணி.

மேனேஜருக்கு வேர்த்துருச்சு. எனக்கு வேர்க்கலைங்க. நான்தானே வாத்தியாரு, எனக்கா பாடம் தெரியாது? உள்ள போனேன்.

"வணக்கமுங்க. உக்காருங்க"ன்னு சொன்னா என்ற மக. வாங்க போங்கன்னு யாரோ ஊரான்கிட்டப் பேசறாப்பல. நல்லா நடிக்கறாளேன்னு சந்தோசமா இருந்துது.

"உங்க பேரு என்னங்க?"

"வசந்தாமணிங்க."

"எத்தனை வருஷமா வேலை செய்யறீங்க?" சொன்னேன். "எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவீங்க?"

"அஞ்சரை மணிக்குப் போயிருவேனுங்க."

அவ என்னைப் பாத்தா. ஒடனே இங்கிலீஷ்ல சொல்லலை. அதுக்குள்ள அந்தம்மா இன்னொண்ணு கேட்டாங்க. அது எங்க பாடத்துலயே இல்லாத கேள்வி. பிரதீபா கொஞ்சம் மெதுவாக் கேட்டா: "உங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களான்னு கேக்கறாங்க."

அங்கதானுங்க நான் டக்குனு மூளையை ஓட்டினேன். ஒரு பொண்ணுன்னு சொன்னா, என்ன படிக்குதும்பாங்க. காலேஜுன்னா எந்தக் காலேஜும்பாங்க. கடைசியில மாட்டிக்குவோம். அவளுக்கு மாடியில சீட்டுப் போயிரும். அதனால சிரிச்ச மூஞ்சி மாறாமச் சொன்னேன்: "இல்லைங்க. எனக்குக் குழந்தை இல்லைங்க."

எப்படி? மேனேஜருக்குக் கூட அந்த நேரத்துக்கு அது தோணியிருக்காது.

ரெண்டே பதில். அஞ்சரை மணிக்குப் போயிருவேன், குழந்தை இல்லை. இதை அவ சொல்லணும். அம்மிணி, அவ பேச ஆரம்பிச்சாளுங்க... முடிக்கவே இல்லை. அந்தம்மா பக்கமாக் குனிஞ்சு, ரொம்ப மெதுவா. நடுவுல நிறுத்தறா, யோசிக்கறா, மறுபடி ஆரம்பிக்கறா. இந்தக் காதோட எனக்கென்ன கேக்கும்? வெளிய கம்ப்ரசர் சத்தம் வேற. ஒண்ணு மட்டும் புரிஞ்சுது, நிறுத்தி நிறுத்தி ஞாபகப்படுத்தி ஒவ்வொண்ணாச் சொல்றா. ரெண்டு கார்டைச் சொல்றா. பாத்ரூம் பூட்டைச் சொல்றா. நான் ராத்திரி பத்து மணிக்கு வந்து காலை வெந்நியில வெக்கறதைச் சொல்றா. வேற என்னத்தைச் சொல்ல அவ்வளவு நேரம்?

அந்த வெள்ளைக்காரம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. என்ற மூஞ்சியைப் பாத்தாங்க, அவ மூஞ்சியைப் பாத்தாங்க, மறுபடி என்ற மூஞ்சி. அப்புறம் ஒரு தண்ணி பாட்டிலைத் தெறந்து அவளுக்குக் குடுத்தாங்க. எனக்கு ஒரு வாய் வேணுமான்னு கேக்கலை. பேச்சு அத்தோட முடிஞ்சுது. வேற யாரையும் கூப்பிடலை.

பத்து நாள் கழிச்சு, சொல்லாமக் கொள்ளாம, சாயங்காலம் ஆறரைக்கு அந்தம்மா வந்து நிக்கறாங்க, மொழிபெயர்க்க வேற ஒரு பொம்பளையைக் கூட்டிட்டு. லைன் ஓடுது, பாத்ரூம்ல பூட்டு, மேசை மேல நெஜக் கார்டு. எல்லாம் போச்சு. ஆர்டர் கையை விட்டுப் போகலை. ஆனா, இனி அஞ்சரைக்கு மேல யாரும் இருக்கக் கூடாது, பூட்டு ஆகாதுன்னு ஒரு பக்கம் எழுதி ஒட்டிட்டாங்க. என்னை செக்கிங்குக்கு மாத்திட்டாங்க. "உங்க பொண்ணுதானக்கா கெடுத்துது"ன்னு மேனேஜர் எல்லாரு முன்னாடியும் சொன்னாரு. மாடிச் சீட்டைப் பத்தி நான் கேக்கவே இல்லை.

முத்துச்செல்வி மட்டும், "யக்கா, இப்ப வெளிச்சத்துலயே வீட்டுக்குப் போறோம்ல"ன்னு வந்து சொல்லுச்சு. போடின்னுட்டேன். அஞ்சரைக்கு வீட்டுக்குப் போய் நான் என்ன பண்ணுவேன்? அந்த நேரத்துல எங்க வீடு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. முதல் நாள் போனப்ப ஜன்னல்ல வெயில் அடிச்சுட்டு இருந்துது. இவ தரையில உக்காந்து சத்தமா வாசிச்சுட்டு இருந்தா. என்னைக் கண்டதும் நிறுத்திட்டா.

கேட்டேனுங்க. கேக்காம இருப்பனா? "பெத்தவளைக் காட்டிக் குடுத்தியே, அன்னைக்கு என்னடி சொன்னே?" "கம்பெனி விசயம் ஒண்ணும் சொல்லலைம்மா." "பின்ன அவ்வளவு நேரம் என்ன பேசினே? பறவை பாடுன கதையா?" நோட்டை எடுத்துட்டுத் திரும்பி உக்காந்துட்டா. ரெண்டு மாசம். அவ சமைச்சு வெப்பா, நான் போட்டுத் திம்பேன், பேச்சு இல்லை. அன்னைக்கு நீ அவங்ககிட்டச் சொன்ன பதிலை மாத்திக்கோம்மான்னு ஒரு நாள் சொன்னா. எந்தப் பதிலைன்னு கேட்டேன். அழுதுட்டு எந்திரிச்சுப் போய்ட்டா. அஞ்சரைங்கறதைத்தான் சொல்றாளாக்கும். இப்ப அதை மாத்தி யாருக்கு என்ன?

முந்தாநாள் நான் முடிவாச் சொல்லிட்டேன். படிப்பு போதும், டி.சி.யை வாங்கிட்டு வந்து செக்கிங்ல என் கூட நில்லுன்னு. அதுக்குத்தான் இந்தக் காயிதத்தை எழுதிக் குடுத்தா. "அன்னைக்கு நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன். நான் தமிழ்ல சொன்னா நீ நம்ப மாட்டே. உனக்கு நம்பிக்கையான யார்கிட்டயாச்சும் குடுத்துப் படிச்சுக் கேட்டுக்கோ"ன்னா.

யார்கிட்டக் குடுக்கறது? மல்லீஸ்வரிகிட்டயா? தெருவே சிரிக்கும். கம்பெனியில குடுத்தா இருக்கற செக்கிங்கும் போயிரும். ரெண்டு நாளா பர்ஸுலயே கெடக்குது. உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. அதனால கேக்கறேன். இந்தாங்க. ஒளிக்காமச் சொல்லுங்க, ரெண்டு கார்டைப் பத்தி எத்தனாவது வரியில எழுதியிருக்கறா?

என்னங்க, சட்டுனு படிச்சு முடிச்சுட்டீங்க? திருப்பிப் பாருங்க, பின்னாடி இருக்கும். இல்லையா? சரி, சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க.

'இவங்க என் அம்மா.'

ம்.

'இவங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கறா, அது நான்தான்.' ம். 'அதனால இவங்க பேசறதை நான் மொழிபெயர்க்கறது சரியில்லை. வேற ஆளை வெச்சுக் கேளுங்க. என்னை மன்னிச்சுக்குங்க.'

அப்புறம்?

அவ்வளவுதானா? பூட்டு? கார்டு? காலு வெந்நி? ஒண்ணுமே இல்லையா?

அஞ்சு வரிங்க. இந்த அஞ்சு வரிக்கா அவ்வளவு நேரம்? பேச வராதுன்னு சொன்னாள்ல, அதனாலதான் நின்னு நின்னு... இல்லைங்க, மத்தவங்களுக்குச் சொல்றப்ப நிக்கலையே. மூணு பேருக்கும் தண்ணியாச் சொன்னாளே. என்கிட்ட வந்துதானே நின்னா. அந்தம்மா தண்ணி குடுத்தாங்க அவளுக்கு. நான் எதிர்லயே உக்காந்திருந்தேன். சிரிச்ச மூஞ்சியோட உக்காந்திருந்தேன்.

அம்மான்னு கூப்பிடாதேன்னு நான்தான் சொன்னேன். அவ கூப்பிடலையே. கூப்பிடாமத்தான்...

அந்த முதல் வரியை மட்டும் இங்கிலீஷ்லயே ஒருக்கா வாசிங்க. இந்தக் காதுப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம். சத்தமா. யாரு பாத்தா என்ன?

மதர்.

அந்த வார்த்தை எனக்குத் தெரியுமே அம்மிணி. அதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லையே. இவ்வளவு தெரிஞ்ச வார்த்தை, ஒரு மூச்சுக் கூட ஆகலை. அது என்ற காதுல விழுகலை பாருங்க.

காயிதத்தைக் குடுங்க. மடிக்க வேண்டாம், நான் மடிச்சுக்கறேன்.

காலேஜ் ஸ்டாப்பா? ஆமாங்க, இதுதான். கண்டக்டர் தம்பி, எறங்கறதுக்கு ஆளிருக்குது, விசிலடிச்சுறாதீங்க!

டி.சி.யா? அதை விடுங்க. மூணு மாசந்தானே, முடிச்சுத் தொலையட்டும். எனக்கு இப்ப வேற வேலை இருக்குது. காலேஜ் கேட்டுல வாட்ச்மேன் நிப்பான். யாரைப் பாக்கணும், அந்தப் பொண்ணுக்கு நீங்க யாருன்னு கேப்பான். கேக்கட்டும். அவன் கேக்கோணும்ங்க.